பதக்கப் பட்டியலில் இல்லாத போட்டியாளர்

2016 பிப்ரவரியில் கவுகாத்தியில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் பதினெட்டு வயது நீரஜ் சோப்ரா ஈட்டியை 82.23 மீட்டர் தூரம் எறிந்து தங்கம் வாங்கினார். அதே களத்தில் பாகிஸ்தானின் அர்ஷத் நதீமுக்கு வெண்கலம் கிடைத்தது. 2019 டிசம்பரில் காத்மாண்டுவில் அடுத்த தெற்காசியப் போட்டி. காயத்தால் நீரஜ் அங்கே இல்லை. நதீம் 86.29 மீட்டர் எறிந்தார். அந்த ஒரு வீச்சே அவருக்கு டோக்கியோ ஒலிம்பிக்கின் கதவைத் திறந்துவிட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நதீம் 92.97 மீட்டருடன் தங்கமும், நீரஜ் 89.45 மீட்டருடன் வெள்ளியும் வென்றதை நாடே விழித்திருந்து பார்த்தது.

அக்கம்பக்கத்து நாடுகள் கூடி ஆடும் ஒரு போட்டி இப்படி உலக மேடைக்கு ஆள் அனுப்பியிருக்கிறது. ஆனால் கவுகாத்தியின் களமும் காத்மாண்டுவின் களமும் ஒன்றல்ல. கவுகாத்தி பிரம்மபுத்திராவின் கரையில், கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 55 மீட்டரில் இருக்கிறது. காத்மாண்டு சுமார் 1,300 மீட்டரில். இரண்டு ஊர்களிலும் ஈட்டியின் எடை ஒன்று, ஓடுதளத்தின் நீளம் ஒன்று, விதிப் புத்தகமும் ஒன்று. காற்று மட்டும் வேறு.

தெற்காசியப் போட்டி பிறந்ததே உயரத்தில்தான். 1984 செப்டம்பரில் காத்மாண்டுவில் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, நேபாளம், பூடான், மாலத்தீவு ஆகிய ஏழு நாடுகள் ஐந்து விளையாட்டுகளுக்காகக் கூடின. 2004-இல் ஆப்கானிஸ்தான் சேர்ந்தது, நாடுகள் எட்டாயின. 1995 டிசம்பரில் சென்னை இதை நடத்தியது. அன்று எல்லோரும் சொன்ன பெயர் ‘சாஃப் கேம்ஸ்’. கோயம்பேடு பக்கம் ‘சாஃப் கேம்ஸ் வில்லேஜ்’ என்று இன்றும் பஸ் நடத்துநர் கூவுகிறாரே, அது அந்தப் போட்டி விட்டுப்போன பெயர். வேளச்சேரி நீச்சல் வளாகமும் அதே போட்டிக்காக எழும்பியதுதான்.

இந்த எட்டு நாடுகளைப் போல உயர வித்தியாசம் உள்ள சிறு கூட்டம் உலகில் அபூர்வம். ஒரு முனையில் மாலத்தீவு. அந்த நாட்டின் சராசரி உயரம் கடல் மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர், ஒரு பள்ளிச் சிறுவனின் உயரம். மறுமுனையில் நேபாளம். அதன் உச்சி எவரெஸ்ட், 8,849 மீட்டர். இந்த இரு முனைகளுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு முடிவுகளில் கைவைக்கிற ஒன்பதாவது போட்டியாளர் காற்று. அதற்குக் கொடி கிடையாது, பதக்கம் கிடையாது. ஆனால் எந்தப் பந்தயத்திலும் அது இல்லாமல் இருந்ததில்லை.

அதன் கைவரிசையை அறிய நேபாளம் போக வேண்டாம். கள்ளக்குறிச்சி போதும். விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கிவைக்கப்பட்டது. சரியாக ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 1 அன்று, காத்மாண்டுவில் போட்டி தொடங்கியது. அந்த மாவட்டத்தின் மேற்கு எல்லையில் நிற்கிறது கல்வராயன் மலை. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று அதை இரண்டாகச் சொல்வார்கள். சின்னது சராசரியாக 2,700 அடி, அதாவது 820 மீட்டர். பெரியது சராசரியாக 4,000 அடி, அதாவது 1,220 மீட்டர். 2019 போட்டியின் ஒரு பகுதி நடந்த பொக்காரா நகரமும் ஏறக்குறைய 820 மீட்டரில்தான் இருக்கிறது. ஆக, நம் மலையின் இரண்டு படிகளும் பொக்காராவுக்கும் காத்மாண்டுவுக்கும் கிட்டத்தட்ட ஈடு. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி, கரியாலூர் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் பாதை, கடலோர மைதானத்திலிருந்து நேபாள மைதானத்தை நோக்கி ஏறும் பாதை மாதிரிதான்.

அந்தப் பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது காது அடைக்கும். அடிவாரத்தில் வாங்கிப் பைக்குள் போட்ட சிப்ஸ் பாக்கெட், மேலே போய்ச் சேரும்போது பலூன் மாதிரி உப்பியிருக்கும். பாக்கெட்டுக்குள் காற்று கூடவில்லை. வெளியிலிருந்து அதை அமுக்கிக்கொண்டிருந்த காற்று தளர்ந்திருக்கிறது.

காற்று அமுக்குமா என்று கேட்டால், அமுக்கும், அதுவும் பயங்கரமாக. காற்றுக்கு எடை உண்டு. பத்தடிக்குப் பத்தடி அறையில், பத்தடி உயரத்துக்கு நிறைந்திருக்கும் காற்றைத் தராசில் போட முடிந்தால் சுமார் 33 கிலோ நிற்கும். ஒரு மூட்டை சிமென்டில் மூன்றில் இரண்டு பங்கு. நம் தலைக்கு மேலே வானம் முழுக்க அடுக்கியிருக்கும் காற்றெல்லாம் சேர்ந்து, கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஒரு கிலோ வீதம் இறங்குகிறது. இதுதான் காற்றழுத்தம். மலையேற ஏற, மேலே இருக்கும் அடுக்கு குறைகிறது, அழுத்தமும் குறைகிறது. சின்னக் கல்வராயனில் சுமார் 9 சதவீதம் குறைவு. பெரிய கல்வராயனில் 13 சதவீதம். காத்மாண்டுவில் ஏழில் ஒரு பங்கு. 2016 போட்டியை கவுகாத்தியோடு பகிர்ந்துகொண்ட ஷில்லாங் நகரத்தில், சுமார் 1,500 மீட்டரில், ஆறில் ஒரு பங்கு.

மலையில் பிராணவாயு குறைவு என்று சொல்கிறோம். அது பாதி உண்மை. காற்றில் பிராணவாயுவின் பங்கு சென்னையிலும் எவரெஸ்ட் உச்சியிலும் ஒன்றேதான், நூற்றுக்கு 21. மாறுவது விகிதமல்ல, நெருக்கம். மெலிந்த காற்றில் ஒரு மூச்சு இழுத்தால் நுரையீரலுக்குள் வந்து சேரும் மூலக்கூறுகள் குறைவு. அவற்றை ரத்தத்துக்குள் நெட்டித்தள்ளும் அழுத்தமும் குறைவு. இந்த ஒரே மாற்றம் ஒரு ஓட்டக்காரருக்கு வரமாகவும் இன்னொருவருக்குச் சாபமாகவும் ஆகிறது.

வரம் யாருக்கு? 100 மீட்டர் ஓடுபவருக்கு. நல்ல ஓட்டக்காரர் ஒரு விநாடிக்குப் பத்து மீட்டர் பாய்கிறார். மணிக்கு 36 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்று அவர் மார்பில் சாய்ந்து ஏறக்குறைய இரண்டரை கிலோ எடையளவுக்குப் பின்னே தள்ளுகிறது. முன்னேறும் பொருளைக் காற்று இப்படிப் பிடித்து இழுப்பதை இழுவிசை என்கிறோம். காத்மாண்டுவில் காற்றின் அடர்த்தி, அதாவது ஒரே இடத்தில் அடைந்திருக்கும் காற்றின் எடை, எட்டில் ஒரு பங்கு குறைவு. இழுவிசையும் அந்த அளவுக்கே குறைகிறது. கணக்குப் போட்டால் 100 மீட்டரில் கிடைக்கும் லாபம் 0.03 அல்லது 0.04 விநாடி. கண் சிமிட்ட ஆகும் நேரத்தில் ஒரு சிறு துண்டு. ஆனால் அதற்குள் அந்த ஓட்டக்காரர் முப்பது, நாற்பது சென்டிமீட்டர் கடந்துவிடுவார். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே சில சமயம் அவ்வளவு இடைவெளிகூட இருப்பதில்லை.

மெலிந்த காற்றில் அவருக்கு மூச்சு வாங்காதா? இங்கேதான் உடம்பின் சாமர்த்தியம். 100 மீட்டர் ஓட்டத்துக்கு, ஓடும்போது இழுக்கும் மூச்சு அநேகமாகத் தேவையே இல்லை. தசைக்குள் ‘ஏடிபி’ என்ற வேதிப்பொருள் சில்லறைக் காசு மாதிரி உடனே செலவழிக்கத் தயாராக இருக்கிறது. அது இரண்டு மூன்று விநாடியில் தீர்ந்துபோகும். தீரத் தீர நிரப்புவதற்கு ‘பாஸ்போகிரியேட்டின்’ என்ற இன்னொரு சேமிப்பு பக்கத்திலேயே காத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய பத்து விநாடிக்குத் தாங்கும். மனிதனின் அதிவேக ஓட்டம் பத்து விநாடிப் பந்தயமாக அமைந்ததும், அவன் தசைக் கிடங்கு பத்து விநாடிக்கு அமைந்ததும் வியக்கத்தக்க பொருத்தம். பிராணவாயுக் கடனை எல்லைக் கோட்டைத் தாண்டியபின் மூச்சு வாங்கி அடைத்துக்கொள்ளலாம்.

1968-இல் மெக்சிகோ நகர ஒலிம்பிக் இதை உலகத்துக்கே காட்டியது. அந்த நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குறுந்தூர ஓட்டங்களில் சாதனைகள் உதிர்ந்தன. பாப் பீமன் நீளம் தாண்டுதலில் 8.90 மீட்டர் பறந்து, பழைய உலக சாதனையை 55 சென்டிமீட்டர் முந்தினார். நெடுந்தூர ஓட்டக்காரர்களோ தள்ளாடினார்கள். அதன் பிறகு தடகளக் கணக்கர்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள்: 1,000 மீட்டருக்கு மேலுள்ள மைதானத்தில் எடுத்த நேரத்துக்குப் பக்கத்தில் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்துவிடுவார்கள். காத்மாண்டுவின் முடிவுகளுக்கு அந்த எழுத்து உண்டு. பெரிய கல்வராயனில் ஒரு சர்வதேச ஓடுதளம் போட்டால் அதற்கும் உண்டு. சின்னக் கல்வராயனுக்குக் கிடையாது.

வீசும் காற்றுக்குத் தனிக் காவல். ஓடுதளத்தின் ஓரத்தில், எல்லைக் கோட்டுக்கு 50 மீட்டர் முன்னால், 1.22 மீட்டர் உயரத்தில் ஒரு காற்றுமானி நிற்கிறது. வெடி வெடித்ததும் சரியாகப் பத்து விநாடி காற்றை அளக்கிறது. முதுகுப் பக்கமிருந்து விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் காற்று வீசினால், பதக்கம் செல்லும், சாதனை செல்லாது. 2 மீட்டர் என்பது மணிக்கு 7 கிலோமீட்டர் சொச்சம், மெதுவாகச் சைக்கிள் மிதிக்கும் வேகம். அவ்வளவு சின்னத் தென்றலே 100 மீட்டரில் ஏறக்குறைய 0.10 விநாடியைக் குறைத்துவிடும். காத்மாண்டுவின் உயரம் தரும் லாபத்தைப்போல இரண்டரை மடங்கு. இலங்கையின் ஹிமாஷ ஏஷான் 2016-இல் கவுகாத்தியில் 10.28 விநாடியில் ஓடி 100 மீட்டர் தங்கம் வென்றார். 2019-இல் காத்மாண்டுவில் மறுபடி தங்கம், ஆனால் நேரம் அதைவிட மெதுவானது. உயரம் ஒரு சலுகைதான். அன்றைய உடல்நிலை, குளிர், எதிர்க்காற்று எது வேண்டுமானாலும் அதை விழுங்கிவிடும்.

ஓட்டம் தொடங்கும் முன்பே காற்று தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. வெடிச் சத்தம் காற்றின் முதுகில் ஏறித்தான் வருகிறது. ஒரு பாதையின் அகலம் 1.22 மீட்டர். முதல் பாதைக்காரரிடமிருந்து எட்டாவது பாதைக்காரர் எட்டரை மீட்டர் தள்ளி இருக்கிறார். முதல் பாதையின் ஓரம் நின்று ஒருவர் துப்பாக்கியைச் சுட்டால், எட்டாவது ஆளின் காதுக்குச் சத்தம் 0.025 விநாடி தாமதமாகப் போகும். முடிவை 0.01 விநாடியில் தீர்மானிக்கும் பந்தயத்தில் இது அநியாயம். அதனால் இன்றைய பந்தயங்களில் ஒவ்வொரு ஓட்டக்காரரின் முதுகுக்குப் பின்னாலும் ஒரு ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள். எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். வெடித்த 0.1 விநாடிக்குள் யாராவது காலை உதைத்தால் அது தப்பான தொடக்கம். சத்தம் காதில் விழுந்து, மூளைக்குப் போய், காலுக்குக் கட்டளை வந்து சேர அதைவிடக் குறைந்த நேரத்தில் மனிதனால் முடியாது என்று விதி கருதுகிறது. அவர் கேட்டு ஓடவில்லை, ஊகித்து ஓடியிருக்கிறார்.

மெலிந்த காற்றில் சத்தம் மெதுவாகப் போகும் என்று நினைக்கத் தோன்றும். போகாது. காற்றில் சத்தத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பம்; அழுத்தம் குறைந்தால் அடர்த்தியும் சேர்ந்தே குறைவதால் அவை ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. சென்னையில் 28 டிகிரி வெயிலில் சத்தம் விநாடிக்கு 348 மீட்டர் ஓடும். 12 டிகிரிக் குளிரில் அது 339 மீட்டர். காத்மாண்டுவில் வெடிச் சத்தம் தாமதமானால் குற்றவாளி டிசம்பர் குளிர், இமயமலையின் உயரமல்ல.

இனி சாபம் யாருக்கு என்று பார்ப்போம். 5,000 மீட்டரும் 10,000 மீட்டரும் ஓடுபவர்களுக்கு. அவர்களுக்குச் சேமிப்பு போதாது. ஓடிக்கொண்டே மூச்சு வழியாகச் சம்பாதித்துத்தான் செலவழிக்க வேண்டும். மாலத்தீவிலிருந்து காத்மாண்டுவில் வந்து இறங்கும் ஓட்டக்காரரின் உடம்பு முதல் நாளே உஷாராகிறது. மூச்சு வேகம் கூடுகிறது. இதயத் துடிப்பு கூடுகிறது. சில மணி நேரத்துக்குள் சிறுநீரகம் ‘எரித்ரோபாய்டின்’ என்ற இயக்குநீரைச் சுரந்து, எலும்பு மஜ்ஜைக்கு ஆணை அனுப்புகிறது: சிவப்பணுக்களை அதிகம் செய்.

மஜ்ஜை ஏற்கெனவே சும்மா இருப்பதில்லை. சாதாரண நாளிலேயே அது ஒவ்வொரு விநாடிக்கும் 20 லட்சத்துக்கு மேல் சிவப்பணுக்களைப் பெற்றுப்போடுகிறது. ஒவ்வொரு அணுவுக்குள்ளும் ஏறக்குறைய 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றும் நான்கு பிராணவாயு மூலக்கூறுகளைச் சுமக்கும். ஆக, கண்ணுக்குத் தெரியாத ஒரே அணுவில் நூறு கோடிக்கு மேல் சுமை. இப்படிப்பட்ட தொழிற்சாலைக்கே உற்பத்தியைக் குறிப்பிடத்தக்க அளவு உயர்த்த மூன்று, நான்கு வாரம் ஆகும். தெற்காசியப் போட்டியோ பத்து நாளில் முடிந்துவிடும். உடம்பு தயாராகும்போது அந்த ஓட்டக்காரர் மாலத்தீவில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்.

அப்படியானால் இமயத்தில் பிறந்து வளர்ந்த ஷெர்பாக்களின் ரத்தத்தில் சிவப்பணு மிக அதிகமாக இருக்க வேண்டும். ஆராய்ந்தவர்களுக்கு ஆச்சரியம் காத்திருந்தது. அதே உயரத்துக்குப் போகும் சமவெளிக்காரரைவிட அவர்களுடைய ஹீமோகுளோபின் குறைவு. சிவப்பணு அளவுமீறிக் கூடினால் ரத்தம் கெட்டியாகி, இதயம் அதைத் தள்ளத் திணறும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உயரத்தில் வாழ்ந்த மக்களிடம் ‘ஈபாஸ் 1’ என்ற மரபணுவின் தனி வடிவம் ஒன்று நிலைத்துவிட்டது. அது சிவப்பணுப் பெருக்கத்துக்குக் கடிவாளம் போடுகிறது. கிடைக்கும் கொஞ்சப் பிராணவாயுவைச் சிக்கனமாகச் செலவழிக்க அவர்களுடைய தசைகளுக்குத் தெரியும். சரக்கைக் கூட்டுவது அவசர வைத்தியம்; செலவைக் குறைப்பது பரம்பரை வைத்தியம்.

கல்வராயன் மலையில் வாழ்ந்தால் ரத்தம் இப்படி மாறுமா? பயிற்சியாளர்களின் கணக்கில், சிவப்பணு பெருக ஏறக்குறைய 2,000 மீட்டருக்கு மேல் வாரக்கணக்கில் தங்க வேண்டும். 1,220 மீட்டர் அதற்குப் போதாது. தமிழ்நாட்டில் அந்த வாசலைத் தாண்டிய நகரங்களில் ஒன்று ஊட்டி. அதன் உயரம் 2,240 மீட்டர். அதாவது மெக்சிகோ நகரத்தின் உயரமேதான். இந்திய நெடுந்தூர ஓட்டக்காரர்கள் அங்கே போய்த் தங்கிப் பயிற்சி எடுப்பது இந்தக் காரணத்துக்காகத்தான். கல்வராயன் கொடுப்பது வேறு வகை மூலதனம். பள்ளிக்கும் சந்தைக்கும் மேடு ஏறி இறங்கி நடக்கும் மலைவாழ் பிள்ளைகளுக்கு இதயமும் தொடையும் கெண்டைக்காலும் தினமும் பயிற்சி பெறுகின்றன. ஏறும்போது தசை சுருங்கி உழைக்கிறது. இறங்கும்போது நீண்டபடியே பாரத்தைத் தாங்குகிறது. இரண்டும் வெவ்வேறு பலம். சமதளத்து மைதானத்தில் மட்டும் ஓடும் பிள்ளைக்கு இரண்டாவது பலம் அவ்வளவு வாய்ப்பதில்லை.

உயரம் இல்லாத சென்னை நெடுந்தூர ஓட்டத்துக்குச் சொர்க்கமா என்றால், அதுவும் இல்லை. அங்கே கெட்டிக் காற்று மூச்சைத் தாராளமாகத் தருகிறது. ஆனால் வேர்வையை வாங்க மறுக்கிறது. ஓடும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் வெப்பமாகப் போகிறது. அதை வெளியேற்ற முக்கிய வழி வேர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வேர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துப்போகும். ஒருவர் ஒரு நாள் சாப்பாட்டில் பெறும் சக்தியில் கால் பங்குக்குச் சமம். கடற்கரை நகரத்தின் காற்றோ ஏற்கெனவே நீராவியால் நிறைந்திருக்கிறது. வேர்வை ஆவியாகாமல் சொட்டிப்போகிறது. சொட்டிய வேர்வையால் ஒரு பயனும் இல்லை.

இங்கே இன்னொரு விந்தை. புழுக்கமான காற்று ‘கனமாக’ இருக்கிறது என்கிறோம். உண்மையில் ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிட இலேசானது. நீர் மூலக்கூறின் எடை 18 அலகு; நைட்ரஜனுக்கு 28, பிராணவாயுவுக்கு 32. நீராவி உள்ளே புகும்போது கனமான மூலக்கூறுகளை வெளியே தள்ளி, இலேசானது இடம்பிடிக்கிறது. சென்னைப் புழுக்கம் 100 மீட்டர்க்காரருக்கு மிகமிகச் சிறிய உதவியும் 10,000 மீட்டர்க்காரருக்குப் பெரிய உபத்திரவமும் செய்கிறது.

காற்றுக்கு ஏற்றபடி கருவியையே மாற்றிக்கொள்ளும் விளையாட்டு ஒன்று உண்டு: பேட்மின்டன். 2016-இல் அது ஷில்லாங்கில் நடந்தது, 2019-இல் பொக்காராவில். இறகுப் பந்தில் பதினாறு இறகுகள். மொத்த எடை ஐந்து கிராம் அளவு, ஒரு ரூபாய் நாணயத்தைவிட அதிகம். இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் ராங்கிரெட்டி 2023-இல் அடித்த ஓர் அடி மணிக்கு 565 கிலோமீட்டர் என்று அளந்து பதிவுசெய்திருக்கிறார்கள். அந்த வேகத்தில் கிளம்பும் பந்து எதிராளியை எட்டுவதற்குள் சோர்ந்துபோகிறது. இறகுப் பாவாடை காற்றை வாரிப் பிடித்து அதற்கு முட்டுக்கட்டை போடுகிறது. காற்று மெலிந்தால் முட்டுக்கட்டையும் தளரும். சென்னையில் கோட்டுக்குள் விழும் பந்து ஷில்லாங்கில் வெளியே போகும்.

அதனால் இறகுப் பந்துகளை 75-லிருந்து 79 வரை எண்ணிட்டு விற்கிறார்கள். சிறிய எண் மெதுவானது, பெரிய எண் வேகமானது. மலையிலும் வெயிலிலும் சிறிய எண். தாழ்வான, குளிர்ந்த இடத்தில் பெரிய எண். சரியான எண்ணா என்று பார்க்க எளிய சோதனையும் இருக்கிறது. பின்கோட்டிலிருந்து ஒருவர் கீழ்க்கையாக முழு வீச்சில் அடிக்க வேண்டும். பந்து எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னால் விழுந்தால் அந்தப் பந்து அந்த ஊருக்குப் பொருத்தம். ஊரின் காற்றழுத்தத்தை ஒரு வாத்து இறகு அளந்து சொல்லிவிடுகிறது.

ஈட்டிக்கு இந்த மாதிரி நேர்க்கணக்கு இல்லை. ஆண்களின் ஈட்டி 800 கிராம். பறக்கும்போது காற்று அதைப் பின்னே இழுக்கவும் செய்கிறது, அடியிலிருந்து மேலே தூக்கவும் செய்கிறது. காற்று மெலிந்தால் இழுப்பு குறையும், கூடவே தூக்கலும் குறையும். ஒரு கை கொடுப்பதை மறு கை வாங்கிக்கொள்கிறது. அதனால் நதீமின் காத்மாண்டு வீச்சை உயரத்தின் புண்ணியம் என்று தள்ளிவிட முடியாது. ஈட்டியின் பறக்கும் குணத்தையே ஒருமுறை மனிதர்கள் திருத்தியிருக்கிறார்கள். 1984-இல் கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்தார். இப்படியே போனால் ஈட்டி மைதானத்தைத் தாண்டி மறுபக்க ஓடுதளத்தில் விழும் என்ற பயம் வந்தது. 1986 முதல் ஈட்டியின் எடைமையத்தை 4 சென்டிமீட்டர் முன்னே நகர்த்தினார்கள். மூக்கு சீக்கிரம் கவிழ்ந்தது, தூரம் குறைந்தது. பாரிஸின் 92.97 மீட்டர் இந்தக் கவிழும் ஈட்டியால் எறிந்தது.

கடைசியாக, மூச்சையே விதியாக்கிக்கொண்ட விளையாட்டு. கபடி. நம் ஊர்களின் சடுகுடு. 1985-இல் டாக்காவில் நடந்த இரண்டாவது தெற்காசியப் போட்டியில் அது இடம்பிடித்தது. 1990-இல் பெய்ஜிங் ஆசியப் போட்டிக்கு ஏறியது. பொங்கலுக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் திடல்களில் கபடி பார்த்தவர்களுக்கு விதி தெரியும்: பாடிப் போகிறவர் ஒரே மூச்சில் ‘கபடி, கபடி’ என்று சொல்லிக்கொண்டே போய்த் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். சர்வதேச விதியில் அதற்கு அதிகபட்சம் 30 விநாடி.

அந்த 30 விநாடியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல உடற்கட்டுள்ள ஆண், நெஞ்சு நிறைய இழுத்தால் வெளியே விடக்கூடிய காற்று ஏறக்குறைய நாலரை லிட்டர். பேசும்போது விநாடிக்குச் சுமார் 150 மில்லிலிட்டர் காற்று வெளியேறுகிறது. வகுத்தால் சரியாக 30 விநாடி! ஒரு நெஞ்சின் மொத்தக் கையிருப்பும் ஒரு பாட்டுக்குத்தான் வரும். அதற்குள் குனிய வேண்டும், பாய வேண்டும், ஏழு பேரின் பிடியிலிருந்து திமிற வேண்டும்.

மூச்சை அடக்கும்போது நம்மை வதைப்பது பிராணவாயுப் பஞ்சம் என்று நினைக்கிறோம். அதற்கு முன்பே வேறொன்று வந்துவிடுகிறது. உழைக்கும் தசை கரியமில வாயுவை ரத்தத்தில் கொட்டுகிறது. ரத்தம் கொஞ்சம் புளிக்கிறது. மூளையின் அடித்தண்டான முகுளம் இந்தப் புளிப்பை ருசி பார்த்து, “மூச்சு இழு” என்று கத்துகிறது. கபடி வீரரின் பயிற்சி என்பது அந்தக் கட்டளையைச் சில விநாடி தள்ளிப்போடக் கற்பது. திருட்டு மூச்சு இழுத்தால் பாட்டு அறுந்து நடுவர் காதில் விழுந்துவிடும். கருவி எதுவும் இல்லாமல், வெறும் ஒரு சொல்லை வைத்து மூச்சை அளக்கும் முறையைக் கண்டுபிடித்த விளையாட்டு உலகில் வேறு எது?

2019 காத்மாண்டுப் போட்டியில் இந்தியா 174 தங்கத்துடன் 312 பதக்கம் வாங்கியது. பட்டியல் அவ்வளவுதான் சொல்லும். எந்தக் காற்றில், எந்த உயரத்தில், எந்தப் புழுக்கத்தில் என்று சொல்லாது. எங்கே நடத்தினாலும் யாருக்கோ சாதகம், யாருக்கோ பாதகம். இதுவரை நடந்த 13 போட்டிகளில் நேபாளம், வங்கதேசம், இந்தியா ஆகியவை மும்மூன்றும், பாகிஸ்தான், இலங்கை ஆகியவை இரண்டிரண்டும் நடத்தியிருக்கின்றன. இடம் மாறி மாறி நடத்துவதில் ராஜதந்திரம் மட்டுமல்ல, ஒரு அறிவியல் நியாயமும் இருக்கிறது: இந்தமுறை உன் காற்று, அடுத்தமுறை என் காற்று.

கள்ளக்குறிச்சி மாவட்ட உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். காற்றழுத்தம் காட்டும் உணரி இன்று பல கைபேசிகளில் இருக்கிறது. ஒரே மாணவர்களைக் கள்ளக்குறிச்சியில் ஒரு நாளும் வெள்ளிமலையில் ஒரு நாளும் 100 மீட்டரும் 1,500 மீட்டரும் ஓடவிடுங்கள். நேரத்துக்குப் பக்கத்தில் அழுத்தத்தையும் வெப்பத்தையும் குறித்து வையுங்கள். ஓரிரு வருடம் தொடர்ந்து செய்தால் மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு இதைவிட நல்ல ஆய்வு கிடைக்காது. யார் குறுந்தூரத்துக்கு, யார் நெடுந்தூரத்துக்கு என்பதும் அந்த நோட்டிலிருந்தே தெரிந்துவிடும்.